ஃபிரிட்ஜ் தின்றது போக, கிரைண்டர் தின்றது எவ்வளவு?

அரியலூரிலிருந்து எந்தச் சாலையில் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு சிமெண்ட் ஆலை தட்டுப்படும். ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், ஆலத்தியூர், தளவாய் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆலையைத்தான் சொல்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். அரசின் டான்செம் ஆலை அரியலூரில் 1979-ல் வந்தது. எல்லாம் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லின் வேலை. கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கத்துப் பாறையில் அந்தக் கடலின் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் அதே கடலின் களிமண் மழையில் அரிக்கப்பட்டு, புல் பூண்டில்லாமல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. புவியியலாளர் பிளான்போர்டு 1862-ல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். புவியியல் மாணவர்கள் சுத்தியலோடு இங்கே வருவது இன்றும் நிற்கவில்லை.

அந்தக் கல் சூளையில் வெந்து கிளிங்கராகி, ஜிப்சத்தோடு அரைபட்டு, மூட்டையில் ஏறுகிறது. அதற்குப் பிறகு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நடக்கக்கூடிய ஒரு சோதனையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கேள்வி ரொம்பச் சின்னது. ஒரு வரைபடத்தின் வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை அளக்க வேண்டும். மேல் எல்லை வளைகோடு. கீழ் எல்லை எது?

சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் வேதிவினை தொடங்கி வெப்பம் வெளிவரும். தளம் போட்ட மறுநாள் காலையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தப் போகும் கொத்தனார், தளம் வெதுவெதுப்பாக இருப்பதை வெறுங்காலிலேயே அறிவார். நம் வீட்டுத் தளம் நாலைந்து அங்குலக் கனம்தான் என்பதால் சூடு வந்த வேகத்தில் காற்றில் போய்விடும். அணைக்கட்டு, பெரிய கட்டடத்தின் ராஃப்ட் அஸ்திவாரம் போன்றவற்றில் கான்கிரீட் பல அடி கனமாக நிற்கும். அங்கே உள்ளே பிறந்த சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நடுப்பகுதி கொதிக்க, மேற்பரப்பு ஆறிச் சுருங்க, விரிசல் விழும். அமெரிக்காவின் ஹூவர் அணையை 1930-களில் கட்டியபோது வெப்பம் குறைவாக விடும் சிமெண்டைப் பயன்படுத்தினார்கள். போதாததற்குக் கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் புதைத்துக் குளிர்ந்த தண்ணீரையும் ஓட்டினார்கள். நம் நாட்டில் இத்தகைய சிமெண்டுக்கு ஐ.எஸ். 12600 என்ற தரக்குறிப்பு இருக்கிறது. ஒரு கிராம் சிமெண்ட் 7 நாளில் 272 ஜூலுக்கு மேலும், 28 நாளில் 314 ஜூலுக்கு மேலும் வெப்பம் விடக் கூடாது.

இந்த ஜூல் கணக்கு ஒரு வளைகோட்டின் பரப்பிலிருந்து வரக்கூடியது. அது எப்படி என்று பார்க்க, சமையலறைக்குப் போவோம்.

சமையலறைக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன மீட்டர் வைத்து, இப்போது எத்தனை வாட் ஓடுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் நேரம், செங்குத்தில் வாட். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். அதாவது உயரத்தை அகலத்தால் பெருக்கினால் யூனிட் வருகிறது. உயரத்தை அகலத்தால் பெருக்குவதுதானே பரப்பு? ஈபி ஆள் வந்து எழுதிக்கொண்டு போகும் ரீடிங், நம் வீட்டு வாட் வளைகோட்டின் கீழுள்ள பரப்புதான். வளைகோடு ஏறி இறங்கினால் அதைக் குறுகிய பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் ஒரு சரிவகமாகப் பாவித்துக் கூட்டிக்கொள்ள வேண்டியது. பள்ளிக்கூடத்துக் கணக்கு அவ்வளவுதான். கணினியும் இதையே செய்கிறது, அலுக்காமல்.

இப்போது ஒரு கேள்வி. இன்று இட்லி மாவு அரைக்க எவ்வளவு கரண்ட் ஆனது?

கிரைண்டர் 150 வாட், அரை மணி நேரம் ஓடியது என்றால் 75 வாட்-மணி, அதாவது 0.075 யூனிட். ஆனால் மீட்டர் கிரைண்டரை மட்டும் காட்டாது. மூலையில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதன் கம்ப்ரசர் சிறிது நேரம் ஓடும், சிறிது நேரம் ஓயும். சராசரியாக 40 வாட் எடுக்கிறது என்போம். அரைத்த அரை மணியில் அது 20 வாட்-மணி தின்றிருக்கும். வரைபடத்தில் அந்த அரை மணிக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பு 95. பூஜ்ய வாட்டிலிருந்து பரப்பை அளந்தால், ஃபிரிட்ஜ் தின்றதும் கிரைண்டர் தலையில் விழும். கால் பங்குக்கு மேல் அதிகம்.

சரி, ஃபிரிட்ஜைக் கழிக்கலாம். எவ்வளவு? வரைபடத்திலேயே மிகத் தாழ்ந்த புள்ளியைப் பிடித்து அங்கே கோடு போடலாம் என்று கை பரபரக்கும். அது கம்ப்ரசர் ஓய்ந்திருந்த நேரம். வெறும் 5 வாட். அதைக் கழித்தால் 92.5 வருகிறது. கழித்தும் கழிக்காதது போலத்தான். நியாயமான வழி ஒன்றுதான்: கிரைண்டர் போடுவதற்கு முன்னால் கம்ப்ரசர் சில முறை ஓடி ஓயும் வரை பார்த்து ஒரு சராசரி, நிறுத்திய பின் அதே போல ஒரு சராசரி. இரண்டையும் இணைத்து ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதுதான் கிரைண்டர். இந்தக் கீழ்க்கோட்டைத்தான் ஆய்வகத்தில் பேஸ்லைன் என்கிறார்கள். நாம் அடிக்கோடு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு சராசரி எதற்கு, முன்னால் எடுத்தது போதாதா என்று கேட்கலாம். போதாது. அடுப்பு எரிந்து சமையலறை சூடாகிவிட்டால் ஃபிரிட்ஜ் அதிக நேரம் ஓடும். காலையில் எடுத்த அடிக்கோடு சாயங்காலத்துக்கு ஒத்துவராது. முன்னால் 40, பின்னால் 50 என்றால் அடிக்கோடு படுத்திருக்காது, சாய்ந்திருக்கும். சாயட்டும்.

கிரைண்டர் கிளம்பும்போது ஒரு நொடிக்கு வாட் எகிறி விழும். வரைபடத்தில் அது ஊசி மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும், பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். ஆனால் அதன் பரப்பு ஒன்றுமில்லை; அகலமே கிடையாதே. மறுபக்கம், செட்டாப் பாக்ஸ் ஒன்று 10 வாட்டில் சத்தமில்லாமல் கிடக்கிறது. அந்த உயரம் வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது. ஒரு வாரம் விட்டுவிட்டால் 1.68 யூனிட். 22 முறை மாவு அரைத்த கரண்ட். அடிக்கோட்டை 10 வாட் தவறாக வைத்தால் அரை மணிக் கணக்கில் வரும் பிழை 5 வாட்-மணி. ஒரு வாரக் கணக்கில் அதே பிழை கிரைண்டரையே விழுங்கிவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பலாம். கருவியின் பெயர் சமவெப்பநிலைக் கலோரிமீட்டர். வெப்பநிலை அசையாமல் காக்கப்படும் ஒரு பெட்டி. நம்மூர்ச் சிமெண்ட் சோதனைகளில் வழக்கமான 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஜோடி ஜோடியாகக் குழிகள். ஒரு குழியில் சில கிராம் சிமெண்டைத் தண்ணீரோடு குழைத்து, கண்ணாடிக் குப்பியில் மூடி இறக்குவார்கள். ஜோடிக் குழியில், எந்த வினையும் நடக்காத பொருள், மணலோ தண்ணீரோ, அதே அளவு வெப்பத்தைத் தாங்கும்படி நிறுத்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டு குப்பிக்கும் அடியில் வெப்ப ஓட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் உணரிகள். இரண்டின் வித்தியாசம்தான் பதிவாகிறது. அறையில் யாரோ கதவைத் திறந்து வெக்கை உள்ளே வந்தாலும் இரண்டு குப்பியையும் ஒரே மாதிரி தொடும் என்பதால் அது கழிந்துபோகும். ஃபிரிட்ஜைக் கழிக்க இன்னொரு ஃபிரிட்ஜையே பக்கத்தில் வைத்தது போல.

பதிவாகும் வளைகோடு ஒரு தனி அழகு. குழைத்த சில நிமிடங்களில் ஒரு ஊசி: தூள் நனைந்து கரையும் சூடு. பிறகு ஒன்று முதல் மூன்று மணி நேரம் போல வளைகோடு தாழ்ந்து கிடக்கும். கலவை இறுகாமல், கொத்தனார் அள்ளிக் கொட்டி, மட்டம் பார்த்து, கட்டை போட்டு இழுக்க அவகாசம் கிடைப்பது இந்த உறக்கத்தால்தான். அப்புறம் மெல்ல ஏறி, எட்டு பத்து மணி நேரத்தில் உச்சி. கிராமுக்கு 3 மில்லிவாட் அளவில் இருக்கும். இறங்கும் வழியில் ஒரு தோள்பட்டை தெரியலாம்: ஜிப்சம் தீர்ந்ததும் சிமெண்டிலுள்ள அலுமினேட் கனிமம் மறுபடி வேகமெடுக்கும் இடம். இரண்டாம் நாளிலிருந்து நீண்ட வால். ஏழாம் நாளும் வால் பூஜ்யத்தைத் தொட்டிருக்காது. ஏனென்றால் சிமெண்ட் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை.

இந்தப் படத்தைக் கணினித் திரையில் பார்ப்பவருக்கு அடிக்கோடு போட இரண்டு இடங்கள் ஆசை காட்டும்.

முதலாவது, அந்த உறக்க காலத்துப் பள்ளம். தாழ்ந்திருக்கிறதே, அங்கே ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறதே என்று அதைப் பூஜ்யமாக எடுப்பது. வினை மந்தமாக இருக்கிறதே தவிர நிற்கவில்லை. அங்கே கோடு போட்டால் சில நாள் கழித்து வால் அந்தக் கோட்டுக்கும் கீழே போய்விடும். சிமெண்ட் சூட்டை விடுவதை நிறுத்தி உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்று அறிக்கை எழுத வேண்டிவரும். இந்தத் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பரவாயில்லை.

இரண்டாவதுதான் ஆபத்து. ஏழாம் நாள் முடிவில் வால் கிட்டத்தட்ட தட்டையாகிவிட்டது, அதையே அடிக்கோடாக எடுத்துக்கொள்வோம் என்பது. பல மென்பொருள்களில் இருக்கும் தானியங்கிப் பொத்தானும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது: தட்டையான பகுதியைத் தேடிப் பிடித்துக் கோடு இழுக்கும். ஏழாம் நாள் கிராமுக்கு 0.1 மில்லிவாட் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். உச்சியின் முப்பதில் ஒரு பங்கு. படத்தில் கோட்டின் தடிமன் அளவு. 7 நாள் என்பது 6,04,800 நொடி. பெருக்கினால் கிராமுக்கு 60 ஜூல். உண்மையில் 300 ஜூல் விட்ட சிமெண்ட், காகிதத்தில் 240 ஆகிவிடும். வரம்பு 272. தோற்க வேண்டிய சிமெண்ட் தேறிவிட்டது, பரப்பைக் கணக்கிட்டதில் ஒரு கூட்டல் பிழைகூட இல்லாமல்.

சரிவகமா, வேறு சூத்திரமா, நொடிக்கு ஒரு புள்ளியா, நிமிடத்துக்கு ஒன்றா என்றெல்லாம் ஆய்வகங்களில் வாதம் நடப்பதுண்டு. அந்த வாதங்களில் தீரும் பிழை இதன் முன்னால் தூசு. என்னைக் கேட்டால், மேல் கோட்டைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியைக் கீழ்க் கோட்டுக்குக் கொடுக்கலாம்.

அப்படியென்றால் சரியான கோடு எங்கே கிடைக்கும்? சிமெண்ட் படத்துக்குள் கிடைக்காது. வெளியே போய் எடுத்துவர வேண்டும். இரண்டு குழியிலும் வினை நடக்காத பொருளையே வைத்து, கருவியை மணிக்கணக்கில் ஓடவிட்டு, என்ன காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டாது. இரண்டு உணரிகள் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருப்பதில்லை. அந்தச் சின்ன எச்சம்தான் அடிக்கோடு. சோதனைக்கு முன்னால் ஒரு முறை, ஏழு நாள் முடிந்து குப்பியை எடுத்த பின் இன்னொரு முறை. இரண்டும் ஒத்தால் படுக்கைக் கோடு, கொஞ்சம் விலகினால் சாய்கோடு, ரொம்ப விலகினால் சோதனையையே குப்பையில் போட வேண்டியது. ஒரு வாரம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும் இடம் அது.

அடிக்கோட்டைச் சரியாக வைத்த பிறகும் வாலின் கடைசிப் பகுதியில் சில புள்ளிகள் கோட்டுக்குக் கீழே குதிக்கும். உணரியின் இரைச்சல். எதிர்மறை வெப்பம் ஏது என்று அவற்றை மட்டும் அழித்துவிடுபவர்கள் உண்டு. மேலே குதித்த இரைச்சலை வைத்துக்கொண்டு கீழே குதித்ததை மட்டும் எறிந்தால், பரப்பு ஒரு பக்கமாக வீங்கும். குறியோடு சேர்த்தே கூட்ட வேண்டும். வேறு துறையில் வேறு வழக்கம். உணவின் கிளைசீமிக் குறியீட்டை டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் வெளியிட்டார்கள். சாப்பிட்ட பின் இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் வளைகோட்டின் பரப்புதான் அதற்கும் ஆதாரம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு அதன் அடிக்கோடு. அந்தக் கணக்கின் பொது விதிப்படி, சர்க்கரை அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பரப்பைச் சேர்ப்பதில்லை. அங்கே தாழ்வது இரைச்சலால் அல்ல, உடம்பின் எதிர்வினையால். விதியைத் தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கீழ் எல்லை போல இடது எல்லைக்கும் ஒரு தகராறு இருக்கிறது. சிமெண்டை வெளியே குழைத்துக் குப்பியை உள்ளே இறக்கினால், முதல் ஊசி பாதியோ முழுதோ பதிவாகாமல் போய்விடும். அதனால் ஏ.எஸ்.டி.எம். சி 1702 என்ற அமெரிக்கத் தரமுறை, குப்பிக்குள்ளேயே தண்ணீர் செலுத்திக் குழைக்கும் முறை, வெளியே குழைத்து வைக்கும் முறை என்று இரண்டையும் தனித்தனியாக வகுத்திருக்கிறது. எந்த முறையில் எடுத்த எண் என்று சொல்லாமல் இரண்டு சிமெண்டை ஒப்பிடுவதில் பயனில்லை.

இன்னொரு கருவியில் இதே கேள்வி முகம் மாறி வருகிறது. எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் படத்தில் சிமெண்டின் ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய கோணத்தில் ஒரு கூரிய முகட்டைக் காட்டும். முகட்டின் பரப்பு அதன் அளவைச் சொல்லும். முகடுகளுக்கு அடியில் ஒரு பொதுவான பின்னணி உண்டு. அதைக் கழித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் வீடு கட்ட அதிகம் வாங்கப்படும் பி.பி.சி. சிமெண்டில் 15 முதல் 35 சதம் வரை ஃப்ளை ஆஷ் கலக்கலாம் என்று ஐ.எஸ். 1489 சொல்கிறது. அனல் மின் நிலையத்துச் சாம்பல். அதில் பெரும்பகுதி கண்ணாடி போன்ற பொருள். கூரிய முகடு காட்டாது, அகலமான ஒரு மேடாக முகடுகளுக்குக் கீழே படுத்திருக்கும். பார்த்தால் பின்னணி மாதிரியே இருக்கும். கிளிங்கரின் கனிமங்களை மட்டும் அளக்கிறவர் அந்த மேட்டை அடிக்கோட்டோடு சேர்த்துக் கழித்துவிடலாம், தப்பில்லை. எவ்வளவு சாம்பல் கலந்திருக்கிறது என்று அறிய வந்தவர் அதே மேட்டைக் கழித்தால், தேடி வந்ததையே கழித்துவிட்டுப் போகிறார். சமையலறை மொத்தம் எவ்வளவு தின்கிறது என்பது கேள்வியானால், அங்கேயும் ஃபிரிட்ஜைக் கழிப்பதில் அர்த்தமில்லை.

பக்கத்துப் பக்கத்து முகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது, நடுவே உள்ள பள்ளத்தில் அடிக்கோட்டைத் தொட வைப்பது இன்னொரு பழக்கம். இரண்டு முகட்டின் அடிவாரமும் சேர்ந்து நிரப்பிய பள்ளம் அது; பின்னணி அதற்கும் வெகு கீழே இருக்கும். பெரிய முகட்டுக்கு அதனால் வரும் நட்டம் குறைவு, அதை ஒட்டி நிற்கும் சின்ன முகடுதான் பாதி கரைந்துபோகும். சிமெண்டில் கட்டுப்படாமல் எஞ்சிய சுண்ணாம்பின் முகடு அப்படிப்பட்ட சின்ன முகடு. ஆலைக்காரர்கள் தினமும் கவனிப்பதும் அதைத்தான்.

28 நாள் வெப்பத்துக்கு என்ன செய்வது? கலோரிமீட்டரை 28 நாள் ஓடவிட்டால், அடிக்கோட்டில் வெறும் 0.05 மில்லிவாட் பிழை கிராமுக்கு 121 ஜூலாகப் பெருகிவிடும்; வரம்பே 314 தான். ஆகவே ஐ.எஸ். 4031-ன் 9-ம் பகுதி வேறு வழியில் போகிறது. உலர்ந்த சிமெண்டை அமிலத்தில் கரைத்து எழும் வெப்பத்தை அளக்கிறார்கள். 28 நாள் இறுகிய அதே சிமெண்டைப் பொடித்துக் கரைத்து மறுபடி அளக்கிறார்கள். இரண்டின் வித்தியாசம்தான் இடையில் வெளிவந்த வெப்பம். 28 நாளும் கருவியை ஓட்டத் தேவையில்லை. கரைவது சிறிது நேரத்தில் முடிந்துவிடும், வெப்பமானி ஏறி நிற்கும். அந்தச் சிறிது நேரத்திலும் குடுவை சுற்றுப்புறத்தோடு கொஞ்சம் சூட்டைப் பரிமாறிக்கொள்கிறதல்லவா, அதற்காகக் கரைந்து முடிந்த பின்னும் வெப்பமானியை விட்டுவிடாமல் கவனித்து, குடுவை தானாக எந்த வேகத்தில் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று குறித்து, அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிக் கழிக்கிறார்கள்.